உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாதா?

"பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, தோழர். எங்கேயாவது ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்த்துவிட வழி பாருங்கள்."

மீஞ்சூரிலும் அத்திப்பட்டிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும், சங்க வேலையாகப் போகும் இடங்களிலெல்லாம் இந்த வார்த்தையை நாம் கேட்கிறோம். சொல்லுகிறவர் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் தோழராக இருக்கலாம். ரோலிங் மில்லின் அனலில் வெந்து வருகிற தோழராக இருக்கலாம். சேற்றில் இறங்கி நாற்று நடுகிற தாயாராக இருக்கலாம். வார்த்தை மட்டும் ஒன்றுதான். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்க நெருங்க இது இன்னும் அதிகமாகக் காதில் விழுகிறது.

இந்த அபிப்பிராயம் தவறானது என்று நாம் திட்டவட்டமாகச் சொல்லுகிறோம். படிப்பு ஏறுவதும் ஏறாததும் ரத்தத்தில் ஊறி வருகிற விஷயமல்ல. ஆண்டானுடைய பிள்ளைக்கு மூளை அதிகம், அடிமையுடைய பிள்ளைக்குக் குறைவு என்று ஆயிரம் வருஷமாக நமக்குச் சொல்லி வந்தார்கள். அந்தப் பொய்யைத்தான் நாம் இன்று நம்முடைய வாயாலேயே, நம் பிள்ளைகளின் முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பிள்ளை நன்றாகப் படிக்க மூன்று வேண்டும். படிக்க இடம், படிக்க நேரம், படிக்கும் முறை. வசதியுள்ள வீட்டில் இந்த மூன்றும் பிள்ளை கேட்காமலே கிடைக்கின்றன. தனி அறை இருக்கிறது. வேலைக்கு ஆள் இருப்பதால் நேரம் இருக்கிறது. முறையைச் சொல்லிக்கொடுக்க டியூஷன் வாத்தியார் இருக்கிறார். நம் வீட்டில் மூன்றும் இல்லை. இல்லாத குறையைப் பிள்ளையின் தலையில் போட்டுவிட்டு, "மக்கு" என்று பெயர் வைக்கிறோம்.

இந்த மூன்றில் முறை என்பது காசு பணம் இல்லாமல் இன்று ராத்திரியே நம் வீட்டுக்குள் வரக்கூடியது. இடமும் நேரமும் நாம் ஒன்றுகூடிக் கேட்டுப் பெறவேண்டியவை. ஆகவே முதலில் முறையைப் பார்ப்போம்.

புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் எப்படிப் படிக்கிறார்கள்? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை உரக்க வாசிக்கிறார்கள். நாமும் சத்தம் கேட்கிறவரை "பிள்ளை படிக்கிறான்" என்று திருப்தியடைகிறோம். சத்தம் நின்றால் அதட்டுகிறோம். மறுநாள் வகுப்பில் ஒன்றும் ஞாபகமில்லை என்றதும் பிள்ளைக்கே தன்மேல் நம்பிக்கை போய்விடுகிறது.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்களுக்கு ஒரு பாடம் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினர் நான்கு தவணையும் அதையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தவணை மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூன்று தவணையும் பாடத்தைப் பார்க்காமல், ஞாபகத்தில் உள்ளதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, வாசித்துக்கொண்டே இருந்தவர்கள் நூற்றுக்கு 83 பங்கு சொன்னார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71 பங்குதான் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களிடம் 40 பங்குதான் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 பங்கு இருந்தது.

இதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வருஷக்கணக்கில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் லேத் ஓட்டிவிட முடியுமா? கையை வைத்து, தப்பாகக் கடைந்து, மறுபடி கடைந்துதான் ஒருவன் டர்னர் ஆகிறான். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது வேடிக்கை பார்ப்பது. புத்தகத்தை மூடிவிட்டு, தெரிந்ததைச் சொல்லிப் பார்ப்பதும் எழுதிப் பார்ப்பதும் கையை வைப்பது. எங்கே தட்டுகிறதோ அங்கே மட்டும் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடவேண்டும். தட்டுகிற இடம் தெரிந்துவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தது.

இங்கேதான் தாய் தகப்பனுக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது. "எனக்கு எழுத்தே தெரியாதே, நான் எப்படிப் படிப்புச் சொல்லிக்கொடுப்பது?" என்று நம் தாய்மார்கள் கேட்கிறார்கள். அம்மா, நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிள்ளையிடம் கேளுங்கள். அடுப்பெரித்துக்கொண்டே, "புத்தகத்தை மூடு. இன்று பள்ளிக்கூடத்தில் என்ன பாடம்? எனக்கு விளங்குகிற மாதிரி சொல்" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும்போது, "அது ஏன் அப்படி? பிறகு என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். எழுத்துத் தெரியாத ஒருவருக்கு விளங்கச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் கைவசமாகிவிட்டது என்று அர்த்தம். கைநாட்டு வைக்கிற தாயும் இந்தப் பரீட்சையை நடத்தலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

முறை வைத்துப் பாய்ச்சுங்கள்

இரண்டாவது விஷயம், படிப்பைப் பிரித்துப் படிப்பது. தேர்வுக்கு முந்தின ராத்திரி விடிய விடியப் படிப்பது ஒரு வீரச் செயல் என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. இது வீண் வேலை.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம் ஞாபக சக்தியைத் தாமே பல காலம் சோதித்துப் பார்த்து, 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். அர்த்தமில்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நாளில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்தார். படித்ததில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள்ளேயே கரைந்துபோகிறது என்று கண்டார். இன்னொன்றும் கண்டார்: ஒரே நாளில் 68 தடவை உருப்போட்டு வரும் பலனை, மூன்று நாட்களில் பிரித்து 38 தடவை உருப்போட்டே அடைந்துவிடலாம். ஏறக்குறையப் பாதி உழைப்பு மிச்சம்!

இதை நம் விவசாயத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பயிருக்கு ஒரு மாதத் தண்ணீரை ஒரே நாளில் கட்டிவிட்டு, பிறகு வயல் பக்கமே போகாமல் இருக்கிறவன் உண்டா? முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறோம். படிப்பும் அப்படியே. இன்று படித்த பாடத்தை நாளை ஒரு கால்மணி நேரம், நாலு நாள் கழித்து ஒரு கால்மணி நேரம், பதினைந்து நாள் கழித்து ஒரு கால்மணி நேரம் மூடிய புத்தகத்தோடு சொல்லிப் பார்த்தால் போதும். ஒவ்வொரு தடவையும் மறக்கப்போகிற நேரத்தில் இழுத்துப் பிடிக்கிறோம். அதனால் வேர் ஆழமாகப் போகிறது.

2013-இல் டன்லோஸ்கி என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும், மாணவர்கள் கையாளுகிற பத்து விதமான படிப்பு முறைகளை எடைபோட்டுப் பார்த்தார்கள். தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், நாட்களைப் பிரித்துப் படிப்பதும்தான் அதிகப் பலன் தருபவை என்று முடிவு கட்டினார்கள். வரிகளுக்கு அடியில் கோடு போடுவதும், வண்ணம் தீட்டுவதும், சும்மா திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின. பார்த்தீர்களா! அதிகப் பலன் தருகிற இரண்டுக்கும் காசு வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு டியூஷன் கடை நடத்துகிறவர்கள் இதை நமக்குச் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, தூக்கம். தூக்கத்தின்போதுதான் மூளை அன்றைய படிப்பை அடுக்கி வைக்கிறது என்று விஞ்ஞானம் சொல்லுகிறது. வளருகிற பிள்ளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, மீதி எட்டு மணி நேரம் சொந்த வாழ்வு என்பதற்காக 1886-இல் சிகாகோவில் தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். 1923-இல் தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கொடியை ஏற்றினார். நமக்காகக் கேட்ட ஓய்வை நம் பிள்ளைக்கு மறுப்பது எந்த நியாயம்? வீட்டில் இருக்கும் ஒரே செல்போனை ராத்திரிப் படிப்பு வேளையில் அணைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். அது பிள்ளையின் கவனத்தையும் தின்கிறது, தூக்கத்தையும் தின்கிறது.

முறை மட்டும் போதுமா?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். "முறையாகப் படித்தால் யாரும் முன்னுக்கு வரலாம், வராவிட்டால் உன் குற்றம்" என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். உடனே அண்ணல் அம்பேத்கரை உதாரணம் காட்டுகிறார்கள்.

நாமும் அதே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பம்பாயில் மில் தொழிலாளர்கள் நிறைந்த பரேல் பகுதியில், ஒரே அறை கொண்ட வீட்டில் அம்பேத்கரின் குடும்பம் குடியிருந்தது. அதுவே அடுக்களை, அதுவே படுக்கையறை, அதுவே படிப்பறை. எல்லோரும் ஒரே நேரத்தில் கால் நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை. ஆகவே தகப்பனார் ராம்ஜி, பையனை முன்னிரவில் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி 2 மணி வரை தாம் விழித்திருப்பார். 2 மணிக்குப் பையனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தாம் படுப்பார். இப்படிப் படித்துத்தான் 1907-இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மேதையாகப் பிறந்த பிள்ளைக்கும் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை உண்டாக்க ஒரு தகப்பன் தன் தூக்கத்தைத் தியாகம் செய்யவேண்டியிருந்தது. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற தகப்பனால் அது முடிந்தது. இரவு ஷிப்டுக்குப் போகிற தகப்பனால் முடியுமா? நடுச்சாமத்தில் எழுந்து படித்தால்தான் படிப்பு என்ற நிலைமையை மெச்சிப் பேசுகிறவர்களை நாம் கேட்கிறோம்: உங்கள் வீட்டுப் பிள்ளையை அப்படி எழுப்புவீர்களா?

நேரத்தைத் திருடியவர்கள்

நம் பிள்ளைகளின் படிப்பு நேரத்தின்மேல் ஆளுகிறவர்கள் கை வைத்தது புதிதல்ல. 1953-இல் ராஜாஜி மந்திரிசபை ஆரம்பக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அரை வேளைதான். மீதி வேளையில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று ஜனங்கள் சரியாகவே அதற்குப் பெயர் வைத்தார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதன்மந்திரியானதும் அந்தத் திட்டம் குப்பைக்குப் போயிற்று.

போன பேய் வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. 2016-இல் பாராளுமன்றம் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, "பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவி செய்யலாம்" என்று மறு கையால் பிடுங்கிக்கொண்டது. பள்ளி நேரத்துக்குப் பிறகு என்றால் எந்த நேரம்? பாடத்தைச் சொல்லிப் பார்க்கவேண்டிய நேரம்! வீட்டுக்கு வேலை கொடுத்துக் கூலியைக் குறைக்கிற முதலாளிக்கு அந்த நேரம் லாபமாகப் போகிறது. தை பிறந்ததும் நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் வேலை சூடு பிடிக்கும். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளை, தேர்வு வருகிற மாதங்களில் அறுத்த கல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளையிடம் போய்ப் படிப்புப் பழக்கத்தைப் பற்றிப் பேசுவது கேலிக்கூத்து.

தகப்பனுடைய நேரமும் பிள்ளையுடைய படிப்புதான். 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாகத் திரண்டன. மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டது. அந்த வெற்றியைக் கூலிப் பிரச்னையாக மட்டும் பார்க்கக்கூடாது. 12 மணி நேரம் உழைத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி ரயிலில் தொங்கிக்கொண்டு வீடு வருகிறவன், பிள்ளையிடம் "இன்று என்ன பாடம்?" என்று எப்போது கேட்பான்? பிள்ளை தூங்கிய பிறகு வந்து, எழுவதற்கு முன் போகிற தகப்பன் அந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவன் மாதிரிதான்.

பெண்பிள்ளையின் கதை இதைவிட மோசம். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் குடத்தை எடுக்கிறாள். நம் மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவில்லாமல் உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. கிணறுகள் உவர்த்துப் போயின. பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010 முதல் இருக்கிறது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் என்பது அதன் சக்தி. அந்தத் தண்ணீர் சென்னைக்கென்றே திட்டமிடப்பட்டது. நம் பெண் குடத்தோடு நிற்கிறாள். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் இரவு பகலாக ஓடுகின்றன; சாம்பல் நமக்கு, வெளிச்சம் ஊருக்கு. நம் வீட்டில் ஒரே பல்பின் கீழே சமையலும் நடக்கிறது, தம்பியின் அழுகையும் நடக்கிறது, அக்காளின் படிப்பும் நடக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் அநியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பையன் படிக்கட்டும், பெண் பாத்திரம் துலக்கட்டும் என்கிற தகப்பன், மேடையில் சமத்துவம் பேசும் யோக்கியதையை இழக்கிறான். வேலையைப் பங்கு போடுங்கள். பையன் கையிலும் ஒரு குடத்தைக் கொடுங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. பசித்த வயிற்றில் படிப்பு ஏறாது என்று சொன்னபோது முதலில் சிரித்தவர்கள் உண்டு. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கியது. 2024 ஜூலை 15 அன்று, கிராமப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அந்தக் காலை உணவை விரித்தபோது, நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் தொடங்கி வைத்தார்கள். வயிற்றுக்கு ஆகவேண்டியது சர்க்காரின் கடமை என்று ஒப்புக்கொண்டாயிற்று. இடமும் விளக்கும் மட்டும் ஏன் கடமையில்லை?

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் பாடத்தை மறந்தபோது, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று ஒரு திட்டம் ஆரம்பமானது. தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டி, மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் தன்னார்வத் தொண்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே மாலைப் படிப்பு வீட்டுக்காரர் கவலை மட்டுமே அல்ல, பொதுக் காரியம் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்தான்.

ஆகவே நாம் கோருகிறோம்: பள்ளிக்கூடக் கட்டிடங்களை மாலையில் பூட்டிப் போடாதே, ராத்திரி 8 மணி வரை விளக்கும் விசிறியும் குடிநீரும் கொடுத்து, சம்பளம் கொடுத்து ஒருவரை நியமித்துத் திறந்து வை. கிளை நூலகங்களில் மாணவருக்கு மேஜை போடு. தேர்வு மாதங்களில் நேரத்தை நீட்டு. நூலகத்துக்கு என்று வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கிற வரி நம்முடைய பணம். 1948-இல் நாட்டுக்கே முன்னோடியாகச் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்ததே, அது அலமாரிக்காக வந்த சட்டமல்ல. ஜனங்களுக்காக வந்த சட்டம். பெண்பிள்ளைகள் பயமில்லாமல் வீடு திரும்பத் தெரு விளக்குப் போடு. சூளைப் பிள்ளைக்கு அதன் தாய்மொழி தெரிந்த ஆசிரியரைக் கொடு. கல்விக்கு தேசிய வருமானத்தில் 6 சதவிகிதம் என்று 1966-இல் கோத்தாரி கமிஷன் சொன்னது. இன்றுவரை அது எட்டப்படவில்லை. பணமில்லை என்ற பதிலை நாம் ஏற்கமாட்டோம்.

சங்கக் கொட்டகை பள்ளியாகட்டும்

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு ஊரிலும் சங்கக் கொட்டகை இருக்கிறது. கொடிக்கம்பத்தின் பக்கத்தில் திண்ணை இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், மாலை 6 முதல் 8 வரை அதைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். ஒரு பாய், இரண்டு விளக்கு, ஒரு கரும்பலகை போதும். அங்கே யாரும் பிரசங்கம் செய்ய வேண்டாம். முதல் அரைமணி நேரம், நேற்றுப் படித்ததைப் புத்தகம் பாராமல் எழுதட்டும். பிறகு ஒரு மணி நேரம் புதுப் பாடம். கடைசி அரைமணி நேரம், பத்தாவது படிக்கிறவர் எட்டாவது படிக்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுக்கிறவர்தான் அதிகம் கற்கிறார். கல்லூரிக்குப் போகும் நம் வாலிபர்கள் முறை போட்டுக்கொண்டு வந்து உட்காரட்டும்.

இது செய்யக்கூடியதா என்று சந்தேகப்படுகிறவர்கள் கியூபாவைப் பார்க்கட்டும். 1961-இல் லாந்தர் விளக்கும் கையுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் இளைஞர்கள் மலைக்கும் வயலுக்கும் போனார்கள்; அந்த இயக்கம் முழுவதுமாகச் சேர்ந்து ஒரே வருஷத்தில் ஏழு லட்சம் பேருக்கு எழுத்தறிவித்தது. அந்த இளைஞர்களில் பலர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே.

"இந்தப் பரீட்சைப் படிப்பு முதலாளிக்குக் குமாஸ்தா தயார் செய்கிற படிப்புதானே, இதற்கு நாம் ஏன் பாடுபட வேண்டும்?" என்று கேட்கிற தோழர்களும் உண்டு. 1920 அக்டோபரில் வாலிபர் சங்க மாநாட்டில் பேசிய லெனின், பழைய பள்ளிக்கூடத்தின் உருப்போடும் முறையைக் கடுமையாகக் கண்டித்தார். அதே மூச்சில், மனிதகுலம் சேர்த்து வைத்த அறிவையெல்லாம் உதறித் தள்ளாதீர்கள், சிந்தித்து உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள் என்ற பொருள்படச் சொன்னார். கணக்குத் தெரியாத தொழிலாளி சம்பளச் சீட்டில் பிடித்த பணத்தை எப்படிக் கண்டுபிடிப்பான்? காண்ட்ராக்ட் பத்திரத்தைப் படிக்கத் தெரியாதவன் எதில் கையெழுத்துப் போடுகிறான் என்று எப்படி அறிவான்? வருங்காலத்தில் ஆலையையும் நாட்டையும் நிர்வகிக்கப்போகிற வர்க்கத்தின் பிள்ளைகள் விஞ்ஞானம் தெரியாமல் வளரலாமா?

தோழர்களே! தாய்மார்களே! இன்று ராத்திரி பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "மக்கு" என்ற சொல்லை வீட்டைவிட்டுத் துரத்துங்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, பாடத்தைச் சொல்லக் கேளுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில், கூலி உயர்வுக் கோரிக்கைக்கு அடுத்த வரியில், பிள்ளைகளுக்குப் படிக்க இடமும் விளக்கும் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். இரண்டும் ஒரே போராட்டம்தான்.